எழுதாத வரியில் ஒரு பிழை

போர்ட் கிள்ளானுக்கு வரும் ஒவ்வொரு கப்பலும் ஒரு சரக்குப் பட்டியலோடு வருகிறது. அதில் சில கொள்கலன்களுக்கு ஒரே ஒரு வரிதான் இருக்கும். ஓர் எண், பக்கத்தில் ‘வீட்டுச் சாமான்கள்’ என்று ஒரு குறிப்பு. பட்டியலைப் படிப்பவருக்கு அது ஒரே பொருள். சுங்க அதிகாரி கதவைத் திறந்தால் உள்ளே நூற்றுக்கணக்கான பெட்டிகள். சரக்கில் ஏதோ தவறு என்று புகார் வந்துவிட்டால், பட்டியலின் அந்த ஒரு வரியை எத்தனை முறை படித்தாலும் பயனில்லை. கதவைத் திறந்து, பெட்டிகளை வரிசையாக இறக்கி, எது எந்த இடத்தில் இருந்தது என்று பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

பெருங்கணினிகளுக்கு அசெம்பிளர் மொழியில் நிரல் எழுதுகிறவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. அவர்கள் ஒரு வரி எழுதுவார்கள். கணினிக்குள் போய்ச் சேர்வது பத்து வரியாக இருக்கும், சில நேரம் நூறு வரியாகவும் இருக்கும். நிரல் ஓடும்போது முறிந்து விழும். எந்த இடத்தில் முறிந்தது என்று பார்த்தால், அது அவர்கள் எழுதவே எழுதாத ஒரு வரி. தான் எழுதாத வரியில் தன் பிழை எப்படி வந்தது? இந்தக் கேள்விக்கு விடை தேடும் முறை, இன்று எந்தக் கணினி மொழியில் வேலை செய்பவருக்கும் பயன்படும் ஒரு பாடம்.

ஓர் ஆணை, ஒரு வரி

கணினியின் செயலிக்குப் புரிவது எண்கள் மட்டுமே. நினைவகத்தில் வரிசையாக அடுக்கிய எண்களை அது ஒவ்வோர் ஆணையாக எடுத்து நிறைவேற்றிக்கொண்டே போகும். ஐபிஎம் நிறுவனம் 1964 ஏப்ரல் 7ஆம் தேதி அறிவித்த சிஸ்டம்/360 என்ற கணினிக் குடும்பத்தில் ஓர் ஆணை 2 பைட், 4 பைட் அல்லது 6 பைட் நீளம் இருக்கும். ஆணையின் முதல் பைட்டைப் பார்த்ததும் அது என்ன வேலை, எவ்வளவு நீளம் என்று செயலி தெரிந்துகொள்ளும். கணக்குப் போடும்போது மதிப்புகளைக் கையருகே வைத்துக்கொள்ள 0 முதல் 15 வரை எண்ணிட்ட 16 பதிவகங்கள் உண்டு. அந்தக் குடும்பத்தின் இன்றைய வாரிசுகளிலும் இந்த அடிப்படைகள் பெரும்பாலும் மாறவில்லை. அதனால்தான் பல பத்தாண்டுகளுக்கு முன் எழுதிய நிரல்கள் வங்கிகளிலும் காப்புறுதி நிறுவனங்களிலும் விமான முன்பதிவு அமைப்புகளிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

எண்களாகவே நிரல் எழுதுவது மனிதனுக்குப் பெரும் சிரமம். ‘கூட்டு’, ‘ஒப்பிடு’, ‘சமமென்றால் தாவு’ என்பவற்றுக்குச் சுருக்கப் பெயர்கள் வைத்து, அவற்றை எழுதினால் எண்களாக மாற்றித் தரும் ஒரு மென்பொருளைச் செய்தார்கள். அதுதான் அசெம்பிளர். இதில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்று: நிரலர் எழுதும் ஒரு வரி இயந்திரத்தின் ஓர் ஆணையாகும். தாளில் இருப்பதும் நினைவகத்தில் இருப்பதும் ஒன்றுக்கு ஒன்று பொருந்தும். பிழை தேடுவதற்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது.

இந்தப் பொருத்தத்தை உடைத்தது மேக்ரோ.

மேக்ரோ ஏன் வந்தது

ஒரு கோப்பைத் திறக்க, ஒரு பதிவைப் படிக்க, இயங்குதளத்திடம் நினைவகம் கேட்க என்று சில வேலைகள் எல்லா நிரலிலும் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு ஆணைகள் வேண்டும். அவற்றை ஒவ்வொரு முறையும் கையால் எழுதினால் நேரம் போகும். எழுத்துப் பிழையும் சேரும். அந்த ஆணைத் தொகுதிக்கு ஒரு பெயர் வைத்து நூலகத்தில் சேமித்துவிடலாம். நிரலில் அந்தப் பெயரை மட்டும் எழுதினால், அசெம்பிளர் நூலகத்திலிருந்து தொகுதியை எடுத்து அந்த இடத்தில் விரித்து வைத்துவிடும். பெயர் வைத்த தொகுதிதான் மேக்ரோ. அந்தப் பெயரை நிரலில் எழுதுவது அழைப்பு. அதன் விளைவாக வந்து விழும் ஆணைகள் விரிவு.

1959இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டக்ளஸ் ஈஸ்ட்வுட், டக்ளஸ் மெக்கில்ராய் இருவரும் மேக்ரோவுக்கு முடிவெடுக்கும் திறனைக் கொடுத்தார்கள். கொடுத்த விவரத்தைப் பொறுத்து ஒரு மேக்ரோ வெவ்வேறு விதமாக விரியலாம். தன்னையே மீண்டும் அழைக்கலாம். மெக்கில்ராய் 1960இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இத்துறைக்கு அடித்தளமானது.

இந்த நுட்பம் நம் பக்கம் வரவும் அதிக காலம் ஆகவில்லை. மலேசியாவில் 1960களின் நடுப்பகுதியில் தேசிய மின்சார வாரியம் ஐபிஎம் 1401 கணினியை நிறுவியது. நாட்டின் முதல் கணினி என்று அதைத்தான் குறிப்பிடுவது வழக்கம். ஐபிஎம் 1401இன் நினைவகம் அதிகபட்சம் 16,000 எழுத்துகள். இன்றைய கைப்பேசியில் ஒரு சிறிய படம்கூட அதற்குள் அடங்காது. அந்தக் கணினிக்கு ஐபிஎம் கொடுத்த ஆட்டோகோடர் என்ற மொழியிலும் மேக்ரோ இருந்தது. சென்னையில் ஐ.ஐ.டி. வளாகத்துக்கு 1973இல் ஐபிஎம் 370 வந்தது. சிஸ்டம்/360இன் நேரடி வாரிசு அது. இங்கும் அங்கும் அந்தத் தலைமுறையினர் துளை அட்டைகளில் நிரல் எழுதி, மடிப்பு மடிப்பாக வரும் அச்சுத் தாளில் பிழை தேடிப் பழகினார்கள்.

கதவைத் திறந்தால்

ஓர் உண்மையான மேக்ரோவைத் திறந்து பார்ப்போம். ஐபிஎம் பெருங்கணினிகளில் ‘டபிள்யூ.டி.ஓ’ என்று ஒன்று உண்டு. ‘ரைட் டு ஆபரேட்டர்’ என்பதன் சுருக்கம். கணினியை இயக்குபவரின் திரையில் ஒரு செய்தியைக் காட்டுவதற்கானது. நிரலர் அதன் பெயரையும், மேற்கோள் குறிக்குள் செய்தியையும் ஒரே வரியில் எழுதுவார். செய்தி 14 எழுத்து என்று வைத்துக்கொள்வோம். அந்த வரி பழைய, எளிய வடிவில் இப்படி விரியும்:

முதலில், அடுத்து வருவது 4ஆல் வகுபடும் முகவரியில் தொடங்கும்படி ஒரு சரிக்கட்டல். ஏற்கெனவே வகுபடும் இடத்தில் இருந்தால் இதற்கு இடமே தேவையில்லை. இல்லாவிட்டால் ஒன்றும் செய்யாத 2 பைட் ஆணை ஒன்று நிரப்பியாக வரும்.

அடுத்து, 4 பைட் நீளத்தில் ஒரு தாவல் ஆணை. தனக்கு அடுத்த இடத்தின் முகவரியை 1ஆம் பதிவகத்தில் வைத்துவிட்டு, செய்தியைத் தாண்டிப் போய்விடும்.

பிறகு 2 பைட்டில் நீளக் கணக்கு. செய்தியின் 14 எழுத்தோடு தலைப்பின் 4 பைட்டும் சேர்ந்து 18. அதன் பின் 2 பைட்டில் குறிகள். அப்புறம் செய்தியின் 14 எழுத்துகள்.

கடைசியில், இயங்குதளத்தை உதவிக்கு அழைக்கும் 2 பைட் ஆணை. ‘எஸ்.வி.சி. 35’ என்பார்கள். 1ஆம் பதிவகம் காட்டும் இடத்தில் இருக்கும் செய்தியை எடுத்து இயங்குதளம் திரையில் போடும்.

எழுதியது ஒரு வரி. நினைவகத்தில் பிடித்த இடம் 24 பைட். அவற்றில் சில பைட்டுகள் ஆணைகள், மற்றவை வெறும் தரவு. இரண்டும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. செயலிக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. எந்த இடத்துக்கு அனுப்பினாலும் அங்கே இருப்பதை ஆணை என்று நம்பிப் படிக்கும்.

தாண்டியது எங்கே?

இப்போது ஒரு சிறு நிரலைக் கற்பனை செய்வோம். இரண்டு கொள்கலன் எண்களை அது ஒப்பிடுகிறது. சமமாக இருந்தால் அடுத்த ஆணையைத் தாண்டிப் போக வேண்டும். சமமாக இல்லாவிட்டால் பிழை எண்ணிக்கையில் ஒன்று கூட்ட வேண்டும். அந்தக் கூட்டல் ஆணை 4 பைட். ‘சமமென்றால் தாவு’ என்பதும் 4 பைட். எனவே நிரலை எழுதியவர், தாவ வேண்டிய இடத்துக்குப் பெயர் எதுவும் வைக்காமல், ‘சமமென்றால் இங்கிருந்து 8 பைட் தள்ளிப் போ’ என்று எழுதிவிட்டார். அசெம்பிளரில் இது வழக்கமான சுருக்கு வழி. நிரல் பல ஆண்டுகள் சரியாக ஓடுகிறது.

பிறகு வேறொருவர் வருகிறார். எண்ணிக்கையைக் கூட்டுவதற்குப் பதிலாக இயக்குபவருக்குச் செய்தி போகட்டும் என்று அவரிடம் கேட்கிறார்கள். கூட்டல் வரியை எடுத்துவிட்டு அதே இடத்தில் டபிள்யூ.டி.ஓ வரியை வைக்கிறார். ஒரு வரி போய் ஒரு வரி வந்தது. தாளில் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. அசெம்பிளரும் எந்தப் பிழையும் சொல்லாது. எண்கள் சமமாக இல்லாதவரை நிரல் ஒழுங்காக ஓடிச் செய்தியும் கொடுக்கும். எண்கள் சமமாக இருக்கும் முதல் தருணத்தில் நிரல் விழுந்துவிடும்.

காரணத்தை முகவரிகளோடு பார்க்கலாம். அச்சுப் பட்டியலில் இவை பதினாறடிமான எண்களில் இருக்கும். இங்கே நாம் அன்றாடம் பயன்படுத்தும் எண்களில் தருகிறேன். தாவல் ஆணை 400ஆம் இடத்தில் இருக்கிறது. 403 வரை பிடிக்கிறது. 8 பைட் தள்ளி என்றால் 408. முன்பு 404 முதல் 407 வரை கூட்டல் ஆணை இருந்தது. 408இல் அடுத்த வேலை தொடங்கியது. இப்போது 404 என்பது 4ஆல் வகுபடுவதால் சரிக்கட்டலுக்கு இடம் தேவைப்படவில்லை. 404 முதல் 407 வரை மேக்ரோவின் தாவல் ஆணை. 408இலும் 409இலும் செய்தியின் நீளக் கணக்கு, அதாவது 18. இரண்டு பைட்டில் எழுதினால் முதல் பைட் 0, இரண்டாவது பைட் 18.

செயலி 408இல் வந்து இறங்குகிறது. முதல் பைட்டைப் படிக்கிறது. சுழியம். அந்த எண்ணுக்கு எந்த ஆணையும் கிடையாது. ‘இப்படி ஓர் ஆணையே இல்லை’ என்று செயலி நிற்கிறது. இயங்குதளம் ‘எஸ்0சி1’ என்ற குறியீட்டோடு நிரலை முடித்துவைக்கிறது. பெருங்கணினித் துறையில் இருப்பவர்கள் அனைவரும் ஒரு முறையாவது சந்தித்திருக்கும் குறியீடு அது.

நமக்கு எப்படித் தெரியும்?

மேலே சொன்ன காரணத்தை ஊகித்துக் கண்டுபிடிக்க முடியாது. படிப்படியாக நிறுவ வேண்டும். அதற்கு மூன்று சான்றுகள் கையில் இருக்கின்றன.

முதல் சான்று, நிரல் விழுந்த நேரத்தில் நினைவகம் எப்படி இருந்தது என்று கணினி எடுத்து வைக்கும் நகல். ‘டம்ப்’ என்பார்கள். அதில் செயலி எந்த இடத்தைப் படித்துக்கொண்டிருந்தது என்ற முகவரியும் இருக்கும். நம் நிரல் நினைவகத்தில் 50,000ஆம் இடத்தில் ஏற்றப்பட்டதாக வைத்துக்கொண்டால், டம்பில் தெரியும் முகவரி 50,410. கழித்தால் 410. ஆனால் இவ்வகைப் பிழையில் அந்த முகவரி, பிழையான ஆணையைத் தாண்டி அடுத்த இடத்தைக் காட்டும். எவ்வளவு தாண்டியது என்பதும் டம்பிலேயே இருக்கும். இங்கே 2 பைட். ஆகவே விழுந்த இடம் 408.

இரண்டாவது சான்று, அசெம்பிளர் தரும் அச்சுப் பட்டியல். ஒவ்வொரு வரியின் இடப்பக்கத்திலும் அதன் முகவரி இருக்கும். பக்கத்தில் அது எந்த எண்ணாக மாறியது என்பதும் இருக்கும். மேக்ரோ விரிந்து வந்த வரிகளுக்கு முன்னால் ‘+’ என்று ஒரு கூட்டல் குறி இருக்கும். ‘இது நீ எழுதியதில்லை, நான் விரித்தது’ என்பதற்கு அசெம்பிளர் போடும் அடையாளம் அது. நவீன அசெம்பிளரில் அந்த வரிகளின் வலது ஓரத்தில், எந்த மேக்ரோவிலிருந்து வந்தது, மேக்ரோவுக்குள் மேக்ரோவாக எத்தனையாவது அடுக்கு என்பதும் அச்சாகும். 408ஐத் தேடிப் போனால் கூட்டல் குறியிட்ட வரி ஒன்று கிடைக்கும். அதில் ஆணை இல்லை, நீளக் கணக்கு இருக்கிறது.

மூன்றாவது சான்று, அந்த இடத்தில் டம்பில் உண்மையாகவே இருக்கும் பைட்டுகள். பட்டியலில் 0, 18 என்று இருந்து, டம்பிலும் 0, 18 என்றே இருந்தால், நினைவகத்தை யாரும் இடையில் கெடுக்கவில்லை என்று உறுதியாகிவிடும். இரண்டும் வேறுபட்டால் கதை வேறு. யாரோ அந்த இடத்தில் மேலெழுதியிருக்கிறார்கள் என்று பொருள்.

பைட்டுகள் சரி, ஆனால் செயலி அங்கே போயிருக்கக் கூடாது. அப்படியானால் 408க்கு அனுப்பியது யார்? பட்டியலில் 408ஐ இலக்காகக் கொண்ட தாவல் எதுவென்று தேடினால் 400ஆம் இடத்தில் இருக்கும் ‘8 பைட் தள்ளிப் போ’ கிடைத்துவிடும். எழுதிய வரி, விரிந்த வரி, நினைவகத்தில் கிடந்த எண் என்ற மூன்றையும் ஒரே முகவரியில் ஒப்பிட்டால் ஊகத்துக்கு இடமில்லாமல் போகிறது.

பல நிறுவனங்களில் இந்த வேலை முதல் படியிலேயே தடைபடும். தாள் செலவைக் குறைப்பதற்காக நிரலின் தொடக்கத்தில் ‘பிரிண்ட் நோஜென்’ என்று ஒரு வரி எழுதும் பழக்கம் உண்டு. விரிவுகளை அச்சிடாதே என்று அசெம்பிளருக்குச் சொல்வது அது. அந்த வரி இருந்தால் பட்டியலில் அழைப்பு மட்டும் தெரியும்; கூட்டல் குறியிட்ட வரிகள் எதுவும் வராது. பிழை தேடத் தொடங்கும்போது செய்ய வேண்டிய முதல் வேலை அதை நீக்குவது.

2 பைட் நகர்ந்தால்

இந்தப் பிழையின் மிக மோசமான குணம் இன்னும் வரவில்லை. மேலே, சம்பந்தமே இல்லாத ஓர் இடத்தில், யாரோ 2 பைட் ஆணை ஒன்றைச் சேர்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எல்லா முகவரிகளும் 2 நகரும். தாவல் ஆணை 402க்கு வரும், இலக்கு 410. மேக்ரோ 406இல் தொடங்கும். அது 4ஆல் வகுபடாததால் இப்போது 2 பைட் நிரப்பி வந்து உட்காரும். மேக்ரோவின் தாவல் ஆணை 408 முதல் 411 வரை. செயலி போய் இறங்கும் 410, அந்த ஆணையின் சரியான நடுப்பகுதி!

ஓர் ஆணையின் பின்பாதியைச் செயலி புதிய ஆணையின் தொடக்கமாகப் படிக்கும். அங்கே இருக்கும் எண்ணைப் பொறுத்து விளைவு மாறும். உடனே நிற்கலாம். வேறு பிழைக் குறியீடு வரலாம். நிற்காமல் ஏதோ ஒரு பதிவகத்தைக் கெடுத்துவிட்டுத் தொடர்ந்து ஓடி, எங்கோ தொலைவில் விழலாம். பிழை ஒன்றுதான், அது வெளிப்படும் விதம்தான் மாறுகிறது. ‘நேற்று வேறு மாதிரி விழுந்தது, இன்று வேறு மாதிரி விழுகிறது, நான் தொட்டது அந்தப் பக்கமே இல்லை’ என்று நிரலர் குழம்புவதற்குக் காரணம் இதுதான். அறிகுறியைத் துரத்துபவர் வழி தவறிப் போவார். விரிவின் முகவரிகளைப் பார்ப்பவர் வந்து சேர்வார்.

தீர்வு எளிது. தாவ வேண்டிய இடத்துக்கு ஒரு பெயர் வைத்து, அந்தப் பெயருக்குத் தாவச் சொல்ல வேண்டும். நடுவில் எத்தனை பைட் விரிந்தாலும் அசெம்பிளர் முகவரியைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும்.

விரிவிலும் தெரியாதது

விரிவைப் படித்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடுமா? இல்லை. நிரலர் ஒரு கூட்டுத்தொகையை 15ஆம் பதிவகத்தில் வைத்திருக்கிறார். தொகை தவறாக வருகிறது. இடையில் அதன் மதிப்பு என்ன என்று பார்க்க ஒரு டபிள்யூ.டி.ஓ வரியைச் சேர்க்கிறார். உடனே தொகை மேலும் கெட்டுப்போகிறது. பிழையைத் தேடச் சேர்த்த வரியே புதுப் பிழையாகிவிட்டது.

1ஆம் பதிவகம் மாறுவது விரிவிலேயே தெரியும். அதில் முகவரியை வைக்கும் தாவல் ஆணை கண்முன் இருக்கிறது. 15ஆம் பதிவகம் மாறுவது விரிவில் எங்கும் இல்லை. அந்த மாற்றம் எஸ்.வி.சி. 35க்குப் பின்னால், இயங்குதளத்துக்குள் நடக்கிறது. இயங்குதளத்தின் சேவையைக் கேட்டுத் திரும்பும்போது 0, 1, 14, 15 ஆகிய நான்கு பதிவகங்களிலும் பழைய மதிப்பு இருக்கும் என்று நம்பக் கூடாது. இது இத்துறையின் நிலையான உடன்படிக்கை. பட்டியல் சொல்லாததைக் கையேடு சொல்லும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிப்பதுதான் முறை.

இரண்டு காலங்கள்

மேக்ரோப் பிழைகளில் இன்னொரு பெரிய பிரிவு உண்டு. அதைப் புரிந்துகொள்ள, ஒரு நிரலின் வாழ்க்கையில் இரண்டு காலங்கள் உண்டு என்பதைத் தெளிவாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். அசெம்பிளர் நிரலை எண்களாக மாற்றும் காலம் ஒன்று. அதை விரிகாலம் என்று சொல்லலாம். அந்த எண்களைச் செயலி நிறைவேற்றும் காலம் இன்னொன்று. அது ஓடுகாலம்.

மேக்ரோவுக்குள் ‘இப்படி இருந்தால் அங்கே போ’ என்று நிபந்தனைகள் எழுதலாம். ஆனால் அவை விரிகாலத்தில் மட்டுமே நடக்கும். அந்த நேரத்தில் பதிவகங்களில் மதிப்பு எதுவும் இல்லை; நிரல் இன்னும் ஓடத் தொடங்கவே இல்லை. மேக்ரோவின் கையில் இருப்பது, அழைப்பு வரியில் நிரலர் தட்டிய எழுத்துகள் மட்டுமே.

ஓர் எடுத்துக்காட்டு. 15ஆம் பதிவகத்தைக் கொடுத்தால் ஒரு விதமாகவும் மற்றவற்றுக்கு வேறு விதமாகவும் விரியும் மேக்ரோ ஒன்று இருக்கிறது. ‘கொடுத்தது 15 என்ற எழுத்துகளா’ என்று அது ஒப்பிடுகிறது. நிரலரோ, பெரும்பாலோர் செய்வதுபோல, ‘ஆர்15’ என்று பெயர் வைத்து அதைக் கொடுக்கிறார். மனிதனுக்கு இரண்டும் ஒன்று, ஓடுகாலத்திலும் ஒன்றுதான். எழுத்துகளாக ஒப்பிட்டால் இரண்டும் வேறு. மேக்ரோ தவறான கிளையில் விரிகிறது. யாரும் எதுவும் சொல்வதில்லை.

இன்னொன்று, காற்புள்ளிக்குப் பின் விழும் ஓர் இடைவெளி. அசெம்பிளர் வரியில் விவரங்கள் முதல் இடைவெளியோடு முடிந்துவிடும். அதற்கு அப்பால் இருப்பதெல்லாம் மனிதர் படிப்பதற்கான குறிப்பு. இரண்டாவது விவரத்துக்கு முன் ஓர் இடைவெளி விழுந்தால் அந்த விவரம் குறிப்பாகிவிடும். மேக்ரோவுக்கு அது போய்ச் சேராது. கொடுக்காவிட்டால் எதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று மேக்ரோவில் எழுதியிருந்தால், அந்தக் கொடாநிலை மதிப்பை எடுத்துக்கொண்டு அது அமைதியாக விரியும். எழுதியவரின் கண்ணுக்கு விவரம் தாளில் இருக்கிறது. விரிவைப் பார்த்தால்தான் அது இல்லை என்று தெரியும்.

மூன்றாவது, பெயர் மோதல். மேக்ரோவுக்குள் ஓர் இடத்துக்கு நிலையான பெயர் வைத்துவிட்டால், முதல் அழைப்பு சரியாக விரியும். இரண்டாவது அழைப்பில் அதே பெயர் மீண்டும் வரும். ‘இந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது’ என்று அசெம்பிளர் மறுக்கும். இதற்காகவே ‘சிஸ்என்டிஎக்ஸ்’ என்ற உள் எண் இருக்கிறது. ஒவ்வொரு மேக்ரோ அழைப்புக்கும் அது 0001, 0002 என்று ஏறிக்கொண்டே போகும். அதைப் பெயரின் வாலில் ஒட்டிவிட்டால் மோதல் வராது. டபிள்யூ.டி.ஓவின் விரிவில் வரும் பெயர்களில் நான்கு இலக்க எண் ஒன்று ஒட்டியிருப்பது இதனால்தான்.

மேக்ரோவைப் பேசவைத்தல்

ஓடுகாலத்தில் நிரல் பேசுவதற்கு டபிள்யூ.டி.ஓ இருப்பதுபோல, விரிகாலத்தில் மேக்ரோ பேசுவதற்கு ‘எம்நோட்’ என்ற கட்டளை இருக்கிறது. ‘இந்த விவரத்தைக் கொடுக்கவில்லை’, ‘இந்தப் பதிவகம் ஏற்றதல்ல’ என்று மேக்ரோ எழுதுபவர் அதன் மூலம் பட்டியலிலேயே எச்சரிக்க முடியும். எச்சரிக்கையின் கடுமைக்கு ஓர் எண்ணும் கொடுக்கலாம். நல்ல மேக்ரோவுக்கு அடையாளம் கேட்டால், தவறான விவரம் வந்தால் அமைதியாக விரியாமல் எம்நோட்டில் வாய் திறப்பது என்று சொல்வேன்.

மேக்ரோ எந்தக் கிளையில் போனது என்று காலடி காலடியாகப் பின்தொடர ‘எம்ஹெல்ப்’ உண்டு. அழைப்புகளைக் காட்ட 1, தாவல்களைக் காட்ட 2, நிபந்தனை ஒவ்வொன்றையும் சந்திக்கும் முன் மாறிகளின் மதிப்பைக் காட்ட 4, வெளியேறும்போது காட்ட 8, நுழையும்போது காட்ட 16. வேண்டியவற்றைக் கூட்டிக் கொடுத்தால் போதும். அழைப்பும் தாவலும் வேண்டுமானால் 3. மேக்ரோ முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தால் அதற்கும் கடிவாளம் உண்டு. தாவல்களுக்கு அசெம்பிளர் தானாகவே 4,096 என்று வரம்பு வைத்திருக்கிறது. தேடும்போது அதைக் குறைத்துக்கொண்டால் சுழற்சி சீக்கிரமே பிடிபடும். நூலகத்தில் இருக்கும் மேக்ரோவின் மூல வரிகளையும் பட்டியலில் சேர்த்துத் தா என்று கேட்கும் வசதியும் ஐபிஎம் 1992இல் கொண்டுவந்த ஹை லெவல் அசெம்பிளரில் இருக்கிறது.

பழைய பாடம், புதிய தேவை

அசெம்பிளரைத் தொடாதவருக்கு இதெல்லாம் எதற்கு? சி மொழியின் முன்செயலி மேக்ரோ, சி பிளஸ் பிளஸ்ஸின் டெம்ப்ளேட், இணையப் பக்கங்களைத் தானே எழுதித் தரும் கருவிகள், கேட்டவுடன் முழு நிரலையே கொடுக்கும் செயற்கை நுண்ணறிவு என்று எல்லாமே ஒரு வரியை வாங்கிப் பல வரிகளைத் தருகின்றன. மனிதன் எழுதியதற்கும் இயந்திரம் நிறைவேற்றுவதற்கும் நடுவில் இருக்கும் தூரம் ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது. அந்த இடைவெளியில் நிகழும் பிழைகளை, நாம் எழுதிய வரியை மட்டும் உற்றுப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. விரிந்ததைப் பார்க்க வேண்டும். விரிந்தது உண்மையில் ஓடியதா என்று சரிபார்க்க வேண்டும். எந்தப் பிழை விரிகாலத்தைச் சேர்ந்தது, எது ஓடுகாலத்தைச் சேர்ந்தது என்று பிரிக்க வேண்டும். இந்த ஒழுக்கத்தை அசெம்பிளர் பட்டியல் கற்றுத்தருவதுபோல வேறு எதுவும் கற்றுத்தருவதில்லை என்பது என் உறுதியான எண்ணம். அதில் எதுவும் மறைந்திருப்பதில்லை. ஒவ்வொரு பைட்டுக்கும் முகவரி உண்டு.

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கணினி படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். இதைக் கற்கப் பெருங்கணினி வாங்க வேண்டியதில்லை. ரோஜர் பவுலர் 1999இல் தொடங்கிய ஹெர்குலிஸ் என்ற இலவச மென்பொருள், சாதாரண மடிக்கணினியைச் சிஸ்டம்/370 கணினிபோல நடக்க வைக்கும். 1970களின் இயங்குதளமான எம்.வி.எஸ். அதில் ஓடும். அதன் அசெம்பிளரில் ஒரே ஒரு டபிள்யூ.டி.ஓ வரியை எழுதி, வரும் பட்டியலில் கூட்டல் குறியிட்ட வரிகளை ஒன்றுவிடாமல் படியுங்கள். ஒவ்வொரு பைட்டும் எதற்காக அங்கே இருக்கிறது என்று உங்களால் சொல்ல முடிந்த பிறகு, எந்த மொழியில் வேலை செய்தாலும் நீங்கள் எழுதாத வரியைக் கண்டு பயப்பட மாட்டீர்கள்.